சோழர் காலத்தில் வரி தண்டியவர் யார்?

கேள்வி: மாநகராட்சிக்கு நாம் சொத்து வரி கட்டுவதுபோல், சோழர் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அரசனுக்கு வரி கட்டியதா? (வாசகி ஒருவர், மயிலாப்பூர், சென்னை)

பதில்: நிலவரியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இல்லை. அரசு கணக்கு வைத்துக்கொண்டது ஊரோடுதான். பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்களான பிரமதேயங்களில் சபையும், ஏனைய ஊர்களில் ‘ஊர்’ என்றே அழைக்கப்பட்ட அவையும் நிலமுடையோரிடம் வரியைத் தண்டி அரசுக்குச் செலுத்தின.

அதற்கு அடிப்படையாக இருந்தது நில அளவை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, அதிலிருந்து ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்ற இறையிலி (வரியில்லாத) நிலங்களைக் கழித்து, எஞ்சிய விளைநிலத்துக்கு மட்டும் இத்தனை கலம் நெல் என்று வரி வகுத்திருப்பது தெரியும். வேலி என்ற நில அளவில் 320இல் ஒரு பங்கான முந்திரியையும், அதையும் 320ஆகப் பகுத்த கீழ்முந்திரியையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கணக்கர்களின் உழைப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

வரி நிலுவையில் நின்றால் பொறுப்பு ஊரின் தலையில் விழுந்தது. அதனால்தான், இரண்டு ஆண்டு நிறைந்தும் வரி செலுத்தாதவர்களின் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்று இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்து உக்கல் கல்வெட்டில், பிராமணர், வைகானசர் (திருமால் கோயில் பூசகர் மரபினர்), சமணர் ஆகியோரின் ஊர்களைக் குறித்துச் சொல்கிறது.

அவையில் அமர்ந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியாக, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலத்தைப் பொதுவாகக் கேட்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்குகின்றன. கணக்கில் இத்தனை கண்டிப்புக் காட்டியது போற்றத்தக்கது. ஆனால் நிலமில்லாத உழவருக்கு அந்த அவையில் இடமில்லை. கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த ‘வெட்டி’ என்ற கட்டாய உழைப்பும் நடப்பில் இருந்தது. குடவோலையைப் பெருமையாகப் பேசுகிற நாம் இதையும் பேசியாக வேண்டும்.

கேள்வி: எல்லா வரியும் நெல்லாகவே வாங்கப்பட்டதா? (வாசகர் ஒருவர், குரோம்பேட்டை, சென்னை)

பதில்: இல்லை, பொன்னாகவும் காசாகவும் வாங்கப்பட்ட வரிகளும் இருந்தன. தறிக்குத் தறியிறை, எண்ணெய்ச் செக்குக்குச் செக்கிறை, வணிகப் பொருள்களுக்குச் சுங்கம் எனத் தொழிலுக்கேற்ற வரிகள் பல. இவற்றுள் சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான்.