துபாயிலிருந்து வந்தாச்சு, என்ஆர்இ கணக்கை என்ன செய்வது?

கேள்வி: 14 வருடம் துபாய் வேலை. வருடம் ஒரு மாதம்தான் லீவில் வருவேன். போன ஜூனில் ஒரேயடியாக பெங்களூரு அல்சூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ஆர்இ (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) எஃப்டியை, 'ரெண்டு வருஷம் வரி கிடையாது, அப்படியே விடு' என்கிறார் நண்பர். எனக்கு சுகர் உண்டு. வீட்டில் எல்லாம் மனைவியே பார்த்துக்கொள்கிறாள். நான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நண்பர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். திரும்பி வருகிற பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வருமான வரிச் சட்டம் நாள் கணக்குப் பார்க்கும். அதன்படி, வந்த நிதியாண்டிலும் அடுத்த ஆண்டிலும் நீங்கள் 'ஆர்என்ஓஆர்', அதாவது இன்னும் முழுசாக உள்ளூர்வாசி ஆகாதவர். ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம், அப்படியில்லை. இனி இங்கேதான் என்று வந்து இறங்கிய நாளிலிருந்தே நீங்கள் இந்தியவாசி. என்ஆர்இ வட்டிக்கு வரிவிலக்கு ஃபெமாவைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. ஆக, ஜூனிலிருந்து வரும் வட்டிக்கு வரி உண்டு. வங்கி டிடிஎஸ் (வட்டியிலேயே கழிக்கும் வரி) பிடிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லாமல் வங்கிக்கு எப்படித் தெரியும்?

உடனே போய் கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். எஃப்டியை உடைக்க வேண்டாம், பேசிய வட்டி முதிர்வு வரை அப்படியே வரும்.

சரி, அந்த இரண்டு வருடச் சலுகை எதற்கு? துபாயில் வாடகையோ வட்டியோ வந்தால் அதற்கு இங்கே வரி இல்லை. அங்கே பணம் மிச்சமிருந்தால் ரூபாயாக மாற்றாமல், இங்கே ஆர்எஃப்சி என்கிற, திரும்பி வந்தவர்களுக்கான வெளிநாட்டுப் பணக் கணக்கில் டாலராகவே டெபாசிட் போடலாம். அந்த வட்டிக்கும் அதுவரை விலக்கு உண்டு. மூன்றாவது ஆண்டிலிருந்து உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. அப்போதிலிருந்து துபாய் வங்கிக் கணக்கை, சும்மா கிடந்தாலும், ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

கம்பெனி இன்சூரன்ஸ் விசாவோடு போயிருக்கும். மருத்துவக் காப்பீட்டை இந்த மாதமே எடுங்கள், சுகரை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காக்க வைப்பார்கள். தள்ளிப்போட்டால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

விருந்தாளி விஷயம். சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், கரண்ட் பில் என்று 14 வருடம் ஓட்டிய மனைவியிடமிருந்து முதல் மாதமே சாவிக்கொத்தைப் பிடுங்காதீர்கள். என்ஆர்இ கணக்கில் அவர் பெயர் சேர்ந்திருந்தால் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றுதான் இருந்திருக்கும். உங்கள் காலத்துக்கு அப்புறம்தான் அவருக்கு உரிமை. கணக்கை மாற்றப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம்) என்று மாற்றி எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு ஃபோட்டோ, பான், ஆதார் எடுத்துக்கொண்டு போங்கள்.