நெல் ஆலைத் தளப் பூச்சு: கேள்வி பதில்

ஆலை, களஞ்சியத் தளங்களுக்குப் பூசும் எபொக்சி, பொலியூரித்தேன் என்ற பிசின் பூச்சுகள் தேய்வது பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சம்மாந்துறை ஆலைக்காரர்: ட்ரொலி ஓடும் பாதையில் மட்டும் எபொக்சி போய்ச் சீமெந்து தெரிகிறது. ஏன்?

காக்கா, முதலில் குந்தியிருந்து பூச்சின் விளிம்பைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு போனால் அது தேய்மானம். படி வெட்டினதுபோல் நின்றால் உரிந்திருக்கிறது. உரிந்த சில்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் கொங்கிரீட்டின் மேல்தோலே பலவீனம். அதற்கு மேல் எவ்வளவு விலையான பூச்சும் நிற்காது.

தேய்மானம்தான் என்றால், காரணம் உமியும் வயல் மணலும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா என்ற கடினமான கனிமம், மணலும் பெரும்பாலும் அதுதான். இரண்டும் சக்கரத்துக்கு அடியில் அரைபடுகின்றன. பாதையைக் கூட்டிவிட்டு ட்ரொலியை விடுங்கள். அந்தப் பாதைக்கு மட்டும் அலுமினியம் ஒக்சைட் என்ற கடினமான தூள் கலந்த பொலியூரித்தேன் மேற்பூச்சுப் போட்டால் போதும், முழுத்தளமும் தேவையில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரைக் களஞ்சியம்: பூச்சில் கொப்புளம் வருகிறது.

ஈரம், அண்ணன். 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை வெறும் கொங்கிரீட்டில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். தூக்கும்போது துளி இருந்தாலோ, கொங்கிரீட் கறுத்திருந்தாலோ பூசாதீர்கள். சோதனையை மாரியில் செய்யுங்கள். கோடையில் காய்ந்து தெரிகிற தளம் மாரியில் நீர்மட்டம் ஏறியதும் வேறு கதை சொல்லும்.

கல்முனை: உராயும் சக்கரத்தைப் பூச்சின்மேல் சுழலவிட்டு எடை இழப்பைப் பார்க்கும் டேபர் சோதனையில் ஒரு பூச்சு 30 மில்லிகிராம் இழக்கிறது, மற்றது 70. முதலாவதை வாங்கவா?

எந்தச் சக்கரம், எவ்வளவு பாரம், எத்தனை சுற்று? பெரும்பாலும் சிஎஸ்-17 சக்கரம், 1000 கிராம், 1000 சுற்று என்று தருவார்கள். சிஎஸ்-10 என்ற சக்கரம் அதைவிட மென்மையாக உராய்வது, இழப்பு எண் குறைவாக, அழகாக வரும். இரண்டு பூச்சின் அடர்த்தியும் வேறென்றால் எடை இழப்பை மட்டும் ஒப்பிடவும் கூடாது.

அக்கரைப்பற்றுப் பட்டறைக்காரர்: கடினமானதுதான் தேயாது. மென்மையான பொலியூரித்தேனை ஏன் சொல்கிறீர்கள்?

கடினம் வேறு, தேய்மானம் வேறு, தம்பி. மணல் உருளும்போது பொலியூரித்தேன் வளைந்து கொடுத்து மீள்கிறது. எபொக்சி வளையாமல் துகள் துகளாகப் போகிறது. லொறி டயர் தார் வீதியைவிட மென்மைதானே, எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகிறது?

அவரே: என் பட்டறையில் எபொக்சி வருடக்கணக்காக நிற்கிறதே!

நிற்கும். உங்களுக்கு எண்ணெயும் பாரமும்தான், மணல் குறைவு. அங்கே எபொக்சி சரியான தெரிவு. நெல் ஆலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பட்டறையை வைத்து ஆலைக்காரருக்குச் சொல்லாதீர்கள், அவர்களுடைய காசு போகும்.

ஏறாவூர்: பூசுமுன் தளத்தை அசிட் ஊற்றிக் கழுவினால் போதுமா?

போதாது. கிரைண்டர் பிடித்து மேல்தோலை எடுங்கள். அப்புறம் பொலித்தீன் சோதனை.

நிந்தவூர்: தளம் போட்டுப் பத்து நாள். பூசலாமா?

28 நாள் பொறுங்கள். அதன் பிறகும் பொலித்தீன் வைக்காமல் பூச வேண்டாம்.

காத்தான்குடி: எங்களுக்கும் கொப்புளம்தான், என்ன செய்வது?

வாவிக்கரை அண்ணனுக்குச் சொன்னதை வாசியுங்கள். பொலித்தீன்!

வாழைச்சேனை: நெல் அவிக்கும் இடத்துக்கு எந்த எபொக்சி நல்லது?

அங்கே சாதாரண எபொக்சி வேண்டாம். கொதிநீர் பட்டால் இளகும், சூடும் குளிரும் மாறிமாறி வந்தால் கழன்றுவிடும். பொலியூரித்தேன் கலந்த சீமெந்துத் தளம் 6 முதல் 9 மில்லிமீற்றர் கனத்தில் போடுங்கள். தண்ணீர் ஓடச் சரிவும் வையுங்கள்.