காப்புறுதிக் கிளையில் பயிலுநராகச் சேர்ந்து கோப்பு அடுக்குவது வீணா?

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டு, திருகோணமலையில் ஒரு காப்புறுதிக் கம்பனிக் கிளையில் ஆறு மாதப் பயிலுநராகச் சேர்ந்தேன். இரண்டு மாதமாகக் கோப்பு அடுக்குவதும் போட்டோகொப்பி எடுப்பதும்தான் வேலை. இதில் என்ன கற்க முடியும்?

பதில்:

அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து படியுங்கள். முடிந்துபோன கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) கோப்புகளில், பணம் மறுக்கப்பட்டவற்றையும் குறைத்துக் கொடுக்கப்பட்டவற்றையும் முதலில் எடுங்கள். கடைசிக் கடிதத்தில் தொடங்கி, முதல் பக்கத்தில் இருக்கும் புரொபோசல் படிவம், அதாவது காப்புறுதி கேட்டு வாடிக்கையாளர் நிரப்பிய விண்ணப்பம் வரை பின்னோக்கிப் போங்கள். பல கிளெய்ம்கள் விபத்துக்குப் பல மாதங்கள் முன்பே, படிவம் நிரப்பிய அன்றே கெட்டுப்போயிருப்பதைக் காண்பீர்கள். இந்தத் தொழிலின் முக்கால்வாசி அறிவு அந்தப் படிவத்துக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையில்தான் இருக்கிறது.

வாகனக் கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது, நம் கிளைகளில் அதிகம் வருவது அதுதான். முதலில் பாவனை என்ற கட்டத்தைப் பாருங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிய வான், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வாடகைக்கு ஓடும். கந்தளாய்க்கு அப்பால் இரவில் மாட்டில் மோதினால், வாடகைக்கு ஓடியது விசாரணையில் தெரிந்துவிடும். அதோடு கிளெய்ம் நின்றுவிடும். முச்சக்கர வண்டிக்கும் இதே கதைதான். அடுத்தது பெயர். ஓப்பின் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவத்தோடு வாங்கி, உரிமையை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரில் இருக்க, வாகனம் வேறொருவர் கையில் இருந்தால், நட்டம் யாருக்கு என்ற கேள்வியிலேயே கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். லீசிங் வாகனம் முழுதாக அழிந்தால் பணம் முதலில் லீசிங் கம்பனிக்குத்தான் போகும். இதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விபத்து நடந்தால் ஒழுங்கு இதுதான். வாகனத்தை அசைக்கும் முன் கம்பனிக்கு அழைப்பு. பிறகு சேதத்தை மதிப்பிடும் அசெஸர் வந்து நான்கு மூலையிலிருந்தும் படம், இலக்கத் தகடு, சசி இலக்கம், சேதத்தின் கிட்டப் படம் எடுப்பார். சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுமா என்று பார்ப்பார். ஆளுக்குக் காயமோ மூன்றாந் தரப்புச் சேதமோ இருந்தால் பொலிஸ் முறைப்பாடு. அதன் பின் கராஜ் எஸ்டிமேட், அசெஸரின் அனுமதி, அதற்குப் பிறகுதான் திருத்த வேலை. அவசரப்பட்டு அனுமதிக்கு முன்பே பம்பரைக் கழற்றிவிட்டால் எது பழைய சேதம், எது புதியது என்று பிரித்தறிய வழியில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கராஜ் எறிந்துவிடாமல் வைத்திருக்கவும் சொல்லுங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை; 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் கரையேறியதும் இந்தக் கரையில்தான். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல்லை நம்பி வெள்ளமும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். பொலிசியோடு வரும் விவரத் தாளான ஷெட்யூலில் வெள்ளம், புயல் இருக்கிறதா, கலவரமும் பயங்கரவாதமும் தனி வரியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கப் பழகுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அது காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ரொட் வளைந்து எஞ்ஜின் போய்விடும். தண்ணீர் ஏறியதால் வந்த சேதத்தைக் கொடுக்கும் கம்பனி, ஸ்டார்ட் பண்ணியதால் வந்ததை மறுக்கலாம். தண்ணீர்க் கோடு தெரியப் படம் எடுத்து, பற்றரியைக் கழற்றி, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் நவம்பருக்கு முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்லும் பழக்கம் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டடக் காப்புறுதியில் எல்லாரையும் வெட்டுவது அவரேஜ் நிபந்தனை: பெறுமதியைவிடக் குறைத்துக் காப்புறுதி செய்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். மீளக் கட்ட ஒரு கோடி ரூபா ஆகும் விடுதியை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 10 இலட்ச ரூபாச் சேதத்துக்குக் கிடைப்பது 6 இலட்சம். அதிலும் எக்செஸ், அதாவது வாடிக்கையாளரே ஏற்க வேண்டிய தொகை கழியும். ஏன் 60 என்று போட்டார்கள் என்று கோப்பைப் பின்னோக்கிப் பார்த்தால், பல வேளை அது வங்கிக் கடன் தொகையாக இருக்கும். மறுபக்கத் தவறும் உண்டு. கடற்கரைக் காணிக்கு விலை அதிகம் என்பதால் காணிப் பெறுமதியையும் சேர்த்துக் காப்புறுதி செய்து, வருடா வருடம் வீணாகப் பிரீமியம் கட்டுவார்கள். காணி எரியாது. மீளக் கட்டும் செலவு, இடிபாடு அகற்றும் செலவு, இவ்வளவே போதும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கூரைத் தகடு நாளாந்தத் தேய்வு. அதற்குக் காப்புறுதி கிடையாது.

ஆயுள் கோப்புகளை நிதானமாகப் படியுங்கள், அதில் ஒரு குடும்பத்தின் கடைசி நம்பிக்கை இருக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிய கேள்விகளுக்கு முகவரே வரிசையாக ‘இல்லை’ என்று போட்டு, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால், அதன் விலையைப் பின்னாளில் மனைவி பிள்ளைகள் கொடுக்கிறார்கள். தமிழ்ப் படிவம் எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்து, பதிலை அவர் வாயாலேயே வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள். நம் பெயர்களில் ஓர் எழுத்துக்கூட மாறிவிடும். ஆள் உயிரோடு இருக்கும்போது அதைத் திருத்துவது சுலபம்.

பொலிசி பாதியில் விழுவதற்கு, அதாவது தவணை கட்டாமல் காலாவதியாவதற்குப் பெரிய காரணம் தவணைத் திகதி. மூதூர், கிண்ணியா மீனவருக்கு நவம்பர், டிசம்பரில் கடல் குழம்பியிருக்கும், கையில் காசு இராது. தம்பலகாமம், கந்தளாய் விவசாயிக்குப் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். உப்புவெளி விடுதிக்காரருக்கு வருமானம் மே முதல் செப்டெம்பர் வரை. மாதத் தவணை என்று எல்லாருக்கும் ஒரே சட்டையைத் தைக்காமல், அவரவர் கையில் காசு புழங்கும் மாதத்தில் அரையாண்டு, ஆண்டுத் தவணையாக வைத்தால் பொலிசி நிற்கும்.

பயிலுநர் ஒருபோதும் செய்யக்கூடாதது ஒன்று: ரசீது இல்லாமல் பணம் வாங்குவது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும், நாளைக்குக் கட்டிவிடுகிறேன் என்று ஒரு இரவுகூடக் கையில் வைக்காதீர்கள். அந்த இரவில் விபத்து நடந்தால் காப்புறுதி இல்லை, பொறுப்பு உங்கள் தலையில். விற்பனைக்குப் போகச் சொன்னால், முகவர் பரீட்சை எழுதிப் பதிவான பிறகு போகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. முகவர் பதிவு வெறும் சம்பிரதாயம் அல்ல. உங்கள் கிளை ஆயுள் காப்புறுதிக் கம்பனியா, வாகனம், கட்டடம் போன்றவற்றுக்கான பொதுக் காப்புறுதிக் கம்பனியா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பின் இரண்டையும் ஒரே கம்பனி சேர்த்து நடத்த முடியாது. பெயர்ப்பலகை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டாக இருக்கலாம்.

ஒரு கொப்பி வைத்து, கோப்புக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த நிபந்தனையால் குறைந்தது. வாடிக்கையாளர் பெயரை எழுதாதீர்கள், மருத்துவ அறிக்கைகளைத் தொலைபேசியில் படம் எடுக்கவும் கூடாது. ஐம்பது வரி சேர்ந்ததும் அந்தக் கொப்பியோடு முகாமையாளரிடம் போய், அடுத்த வாகன விபத்துக்கு அசெஸரோடு உங்களையும் அனுப்பும்படி கேளுங்கள்.