பழைய காருக்கு ஸ்பார்க் பிளக், பிளக் வயர்: எதில் செலவு செய்யலாம், எதில் வேண்டாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: இருபது வருடத்துக்கு மேல் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) வைத்த எஞ்சின். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, ஈரமான நாட்களில் மிஸ்ஸிங் அடிக்கிறது (இடையிடையே ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது). கடையில் இரிடியம் பிளக்கும் தடிமனான சிவப்பு வயர் செட்டும் போட்டால் மைலேஜ், பிக்கப் இரண்டும் ஏறும் என்கிறார்கள், வாங்கலாமா?

பிளக்கில் காசை மிச்சம் பிடியுங்கள், வயரில் பிடிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான டப்பாவில் வரும் பிளக்கை வாங்கிப் போட்டுவிட்டு, வெடித்துப் போன பழைய வயரையே அதன் தலையில் மாட்டுகிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பிளக்கும் வயரும் இரண்டு தனித்தனிப் பொருள் இல்லை, ஒரே மின்பாதை. இக்னிஷன் காயில் (மின்னழுத்தத்தை ஏற்றும் கம்பிச்சுருள்) பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கிப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி அனுப்புகிறது. அந்த அழுத்தம் எந்த வழி சுலபமோ அந்த வழியில் போகும், பிளக் வழியாகத்தான் போக வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் கிடையாது. பிளக் தேயத் தேய முனைகளுக்கு நடுவில் இடைவெளி கூடுகிறது, அதைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது, அந்த நேரத்தில் வயரின் ரப்பரில் ஒரு வெடிப்போ பூட்டில் (வயர் முனையில் பிளக்கை மூடும் ரப்பர் உறை) ஈரமோ இருந்தால் பொறி அங்கேயே வெளியில் தாவி எஞ்சின் பிளாக்கில் இறங்கிவிடும். சிலிண்டருக்குள் ஒன்றும் நடக்காது. ஈர நாளில் மட்டும் மிஸ்ஸிங் என்று நீங்கள் சொல்வதே வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் தான் கைகாட்டுகிறது.

வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு, காற்றோட்டமான இடத்தில் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீரைப் புகைபோல் தெளியுங்கள். நீல நிறத்தில் பொறி ஓடினால் குற்றவாளி கண்ணெதிரே இருக்கிறார். கையைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, பிளக். எந்தப் பிளக் என்பதைக் கார் கையேடு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அதில் இருக்கும் குறியீட்டை எடுத்துக்கொண்டு போய் அதையே வாங்குவது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் போதும். அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் கடையில் வேறு எதையாவது தலையில் கட்ட முடியாது. என்ஜிகேயின் பிபிஆர்6இஎஸ்-11 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரை, அடுத்தது முன்னால் நீண்ட முனை, ஆர் என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது, 6 வெப்ப எண், இ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர், எஸ் சாதாரண முனை, கடைசியில் வரும் 11 என்றால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். இதில் மரையின் நீளம் தவறினால் ஆபத்து. நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ பிளக்கில் இடிக்கலாம். குறைந்தால் சிலிண்டர் ஹெட்டின் (பிளக் மாட்டும் எஞ்சின் மேல்பகுதி) மரையில் கரி படிந்து அடுத்த முறை சரியான பிளக்கே ஏறாது.

வெப்ப எண்ணில்தான் அதிகக் குழப்பம். பிளக் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, தன் முனையில் சேரும் வெப்பத்தை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும், 850 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் வரும். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் 'குளிர்' பக்கம் போகிறது, பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் 'சூடு' பக்கம். என்ஜிகேயில் 6 என்பது டென்சோவில் 20, பாஷில் 7, சாம்பியனில் 9 என்று ஏறக்குறைய வரும். அதனால் கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து 'இது கொஞ்சம் கூட, அது கொஞ்சம் கம்மி' என்று வாங்கவே கூடாது, பொருத்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, கரி பிடிக்கிறது, ஒரு எண் சூடான பிளக் போட்டால் சரியாகிவிடும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். கொஞ்ச நாள் ஓட்டத்துக்கு அது உதவும்தான், ஆனால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போனது போனதுதான்.

இரிடியம் கதைக்கு வருவோம். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அவ்வளவு உறுதியான உலோகம் என்பதால் முனையை மிக மெல்லியதாகச் செய்யலாம், மெல்லிய முனையில் பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாவும், தேய்மானமும் குறைவு. இது எல்லாம் உண்மை. சாதாரண பிளக் 30,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டியது என்றால் நல்ல இரிடியம் ஒரு லட்சம் தாங்கும். ஆனால் பவர் கூடுமா? தேய்ந்த பிளக்கைக் கழற்றிப் புதியது எதைப் போட்டாலும் வண்டி துள்ளும், அந்தப் புகழை இரிடியம் தட்டிக்கொண்டு போகிறது. பிளக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பழைய எஞ்சினுக்கு, அதுவும் எண்ணெய் கசிந்து எரியக்கூடிய வயதில் இருக்கும் எஞ்சினுக்கு, ஒரு லட்சம் கிலோமீட்டர் பிளக் எதற்கு? எண்ணெய்க்கரி இரிடியத்தையும் அதே வேகத்தில் மூடிவிடும். காப்பர் என்று விற்கப்படும் சாதாரண நிக்கல் முனைப் பிளக் போதும் (உள்ளே செம்பு, வெளியே தெரியும் முனை நிக்கல் கலவை). கம்பெனியே இரிடியமோ பிளாட்டினமோ போட்டு அனுப்பிய கார் என்றால் விஷயம் வேறு, அதில் இறங்கி வராதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்று இருக்கும் எஞ்சின்களில் பாதிப் பிளக்குகளில் பொறி எதிர்த்திசையில் தாவும், அங்கே இரண்டு முனையிலும் பிளாட்டினம் வைத்ததைக் கேட்பது அதனால்தான். மூன்று கால், நான்கு கால் (பொறி போய்ச் சேரும் வளைந்த வெளி முனை) வைத்த பிளக் எல்லாம் வாங்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு காலுக்குத்தான் பொறி தாவும்.

இடைவெளியை டப்பாவில் இருந்து எடுத்த உடனே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். பாயிண்ட் (எலக்ட்ரானிக்ஸ் வருவதற்கு முன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடிய சுவிட்ச்) வைத்த மிகப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷனில் 1.0, 1.1 என்று இருக்கும். சாதாரண பிளக்கில் கீழ்க்காலை மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் முனையை நெம்பினால் அது முறிந்துவிடும்.

இப்போது வயர். இதில் மூன்று வகை இருக்கிறது. நடுவில் வெறும் செம்புக் கம்பி ஓடுவது, கரி ஏற்றிய நார் ஓடுவது, மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றியது. வெறும் செம்பு பாயிண்ட் காலத்து வண்டிக்குச் சரி. ஆனால் அதற்கு மின்தடை வைத்த பிளக்கோ பிளக் மூடியோ துணைக்கு இல்லை என்றால் ரேடியோவில் கரகரப்பு வரும், எலக்ட்ரானிக் இக்னிஷனோ ஈசியுவோ (எஞ்சினை இயக்கும் கணினி) இருந்தால் அதுவும் குழம்பும். கரி நார்தான் பெரும்பாலான கார்களில் கம்பெனி கொடுத்தது, விலை குறைவு, ஆனால் வயதாக ஆக உள்ளே நார் அறுந்து மின்தடை ஏறும். சுருள் கம்பி வகை அதிக நாள் உழைக்கும், ரேடியோ இரைச்சலையும் அடக்கும், காசு கொஞ்சம் அதிகம் போட முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். மேலுறை சிலிகானாக இருக்கட்டும், பிளக் பக்கத்து பூட் எஞ்சின் சூட்டில் கிடப்பது, முதலில் கெடுவதும் அதுதான்.

தடிமனுக்கு மயங்க வேண்டாம். 7 மில்லிமீட்டர் வயர் போட்ட எஞ்சினில் 7 தான் கிளிப்பில் உட்காரும், 10 மில்லிமீட்டர் வயர் கிளிப்பில் அடங்காமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சாய்ந்து உருகும். தடிமன் வெறும் உறைதான், உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கேளுங்கள். சிவப்பு நிறத்தால் ஒரு பயனும் இல்லை, பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, பிளக்கின் தலையில் திருகி எடுக்கக்கூடிய சின்ன நட் இருக்கும். சில பழைய வயர்களுக்கு அந்த நட் வேண்டும், சிலவற்றுக்கு அதைக் கழற்றி வெறும் மரையில் மாட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் வயர் தொளதொளவென்று நிற்கிறது என்று புலம்புபவர்கள் அதிகம்.

பழைய வயரை எறிவதற்கு முன் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பல ஜப்பானியக் கார்களின் கையேட்டில் ஒரு வயருக்கு உச்ச வரம்பு 25 கிலோ ஓம். அளக்கும்போதே வயரை வளைத்து ஆட்டுங்கள், எண் தாவினால் உள்ளே அறுந்திருக்கிறது. வரம்புக்குள் இருந்தாலும் உறை வெடித்திருந்தால் அது செத்த வயர்தான், மீட்டருக்கு அது தெரியாது.

மாட்டும் நாளில் எஞ்சின் ஆறியிருக்கட்டும், குறிப்பாக அலுமினிய ஹெட் என்றால். பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதிவிட்டுப் பிறகு கழற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் போகும். வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டைத் திருகி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும் மாற்றுங்கள், நீளம் பார்த்து அதே இடத்தில். நான்கையும் உருவிவிட்டு 1-3-4-2 என்ற பொறி வரிசை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யோசித்துக்கொண்டு நிற்கும் வேலை மிச்சம். பிளக்கைக் கையாலேயே கடைசி வரை ஏற்றி, வாஷர் வைத்த புதுப் பிளக் என்றால் அதற்கு மேல் ஸ்பானரில் அரைச் சுற்று போதும், டார்க் ரெஞ்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். வாஷர் இல்லாத சாய்வு விளிம்புப் பிளக் என்றால் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், முலாம் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை, வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகி மரை போய்விடும். பூட்டின் உட்புறம் மட்டும் சிலிகான் கிரீஸ் கொஞ்சம்.

கழற்றிய நான்கு பிளக்கையும் சிலிண்டர் வரிசையில் வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. நான்கும் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அந்த சிலிண்டரில் வேலை இருக்கிறது, வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் கலவை மெலிந்து அதிகச் சூடு ஏறுகிறது.

அப்புறம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதன் உள்ளே சுழலும் ரோட்டரையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். மூடியின் உட்புறத்தில் முடி போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் பொறி அதன் வழியே வேறு சிலிண்டருக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. இரிடியத்துக்கு எடுத்துவைத்த காசு இதற்குச் சரியாக இருக்கும்.