திரும்பும் நேரத்தைக் கரையிலேயே எழுதிவிடுங்கள்: பாய்மரப் படகுக் கேள்வி பதில்

பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் பயணத் திட்டம் பற்றியும் பாதுகாப்பு விதிகள் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சின்னப் பயணம்தான். இதற்குமா எழுத்தில் திட்டம்? மனதில் இருந்தால் போதாதா?

போதாது, எழுதுங்கள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், 34ஆம் விதி, கடலுக்குப் போகும் முன் பயணத்தைத் திட்டமிடச் சொல்கிறது. சில நாடுகளில் அது சின்ன உல்லாசப் படகுகளுக்கும் பொருந்தும். விதி இல்லாவிட்டாலும் நான் எழுதத்தான் சொல்வேன். கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெளிவாக யோசிக்கிறோம். நனைந்து, குமட்டலோடு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தத் தெளிவு இருக்காது. கஷ்டமான முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

என்னுடையது அரைத் தாளுக்கு மேல் போகாது. பேனா மை ஈரத்தில் கரையும் என்பதால் பென்சிலில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேபின் படிக்கட்டுப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் திசை, தூரம், ஓத நேரங்கள் (கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்கள்), விலக வேண்டிய பாறைகள், வழியில் ஒதுங்க இரண்டு இடங்கள். அடியில் இரட்டைக் கோடு போட்டு ஒரு வரி இருக்கும்: "பகல் ஒரு மணிக்குள் முனையைத் தாண்டவில்லை என்றால் திரும்பு."

ஒரு முறை அந்த முனை கண்ணெதிரே தெரிந்தது. மணி ஒன்று இருபது. "இன்னும் அரை மணி நேரம்தானே" என்றார்கள் கூட வந்தவர்கள். தாளைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். கிளம்பிய இடத்துக்கே வந்து கயிறு கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. முனையைத் தாண்டியிருந்தால், அதே இருட்டில் பழக்கமில்லாத துறைமுகத்துக்குள் பாறைகளுக்கு நடுவே நுழைந்திருக்க வேண்டும்.

துறைமுக வாயிலில் மணல்திட்டு. வரைபடத்தில் ஆழம் 1 மீட்டர்தான். என் படகு 1.8 மீட்டர் அமிழும். எப்போது நுழையலாம்?

இதற்கு 'பன்னிரண்டில் பங்கு' என்று ஒரு கணக்கு இருக்கிறது. வற்றத்திலிருந்து, அதாவது கடல்மட்டம் மிகத் தாழும் நேரத்திலிருந்து, அது மிக உயரும் ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று தண்ணீர் ஏறும்.

அன்றைய வற்றம் 0.6 மீட்டர், ஏற்றம் 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.6, ஒரு பங்கு 0.3. வரைபட ஆழத்தோடு ஓத உயரத்தைக் கூட்ட வேண்டும் என்பதால், வற்றத்தின்போது திட்டின் மேல் 1 கூட்டல் 0.6, அதாவது 1.6 மீட்டர் தண்ணீர். படகின் 1.8 மீட்டருக்குக் கீழே குறைந்தது 0.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் 2.5 மீட்டர் தேவை. முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று பங்கு, 0.9 மீட்டர் ஏறும். ஆக, வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து நுழையலாம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே நுழையுங்கள். தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் ஒழுங்காக வரும் இடத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் நீர்மட்டம் சுமார் ஒரு செ.மீ. தாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓத நீரோட்டம் வேகமாக இருக்கும். அந்த ஓட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். ஆழம் போதுமானதாக இருந்தாலும் அந்த நேரத்தில் வாயில் பக்கம் போக வேண்டாம்.

அண்ணா, ஜிபிஎஸ் திரை இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

திரை நல்ல கருவிதான், நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் 2014 நவம்பர் 29 அன்று நடந்ததை மறக்க வேண்டாம். உலகத்தைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் மோதி நின்றது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ஓட்டியவர்கள் தொழில்முறை மாலுமிகள். திட்டு மின்வரைபடத்தில் இருந்தது. திரையில் அவர்கள் வைத்திருந்த உருப்பெருக்கத்தில் அந்த அபாயம் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள், போகும் கோடு முழுவதையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். 'தானே வழி போடும்' வசதி போட்டுக் கொடுத்த கோட்டை இரண்டு முறை பாருங்கள். காகிதத்தில் மணிக்கொரு முறை இடத்தையும் நேரத்தையும் குறித்துவந்தால், திரை அணைந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கே இருந்தோம் என்பதாவது கையில் இருக்கும். அப்புறம், திசைகாட்டிக்குப் பக்கத்தில் போனை வைக்காதீர்கள். முள் மெதுவாகத் திரும்புவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பாய்மரப் படகுக்குத்தான் எல்லோரும் வழிவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. 1972ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளின்படி இயந்திரக் கப்பல் பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும். அதே விதிகளின்படி குறுகிய கால்வாயை விட்டு வெளியே வர முடியாத கப்பலுக்கு நீங்கள் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. போக ஒன்று, வர ஒன்று எனப் பிரிக்கப்பட்ட கப்பல் பாதையில் போகிற இயந்திரக் கப்பலுக்கும் அப்படியே. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கும், கட்டுப்பாடு இழந்த கலத்துக்கும் வழிவிட வேண்டியது நீங்கள்தான். யாரை முந்தினாலும், முந்துகிறவர்தான் விலக வேண்டும். இயந்திரம் படகை ஓட்டுகிறது என்றால், பாய் விரித்திருந்தாலும் அது இயந்திரக் கலம்தான்.

இரண்டு பாய்மரங்கள் சந்தித்தால், இடப்பக்கக் காற்றில் ஓடுவது விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும்.

மோதல் வருமா என்று தெரிந்துகொள்ளக் கைத்திசைகாட்டியை எடுத்துக் கப்பல் இருக்கும் திசையைப் பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கப்பல் பெரிதாகிக்கொண்டே வருகிறது, எண் மாறவில்லை என்றால் மோதப் போகிறீர்கள். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வரும் சரக்குக் கப்பல் ஆறு மைலை 18 நிமிடத்தில் கடந்துவிடும். விலகுவது என்றால் சீக்கிரமாக, நன்றாகத் தெரியும்படி பெரிதாகத் திரும்புங்கள். ஐந்து டிகிரி திரும்பியதை கப்பலில் நிற்கிறவர் கவனிக்கவே மாட்டார்.

முன்னறிவிப்பில் 15 நாட் காற்று என்றால் கிளம்பலாமா?

அது சராசரி. திடீரென்று வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விசை நான்கு மடங்கு. பாயைச் சுருக்கலாமா என்று மனதில் தோன்றுகிற அந்த நிமிடமே சுருக்கிவிடுங்கள்.

தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டேன். வேறு என்ன?

போடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஜாக்கெட்டால் பயனில்லை. தொடையைச் சுற்றி வரும் பட்டையை மாட்டாமல் விட்டால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். மாதம் ஒரு முறை வாயு உருளையைக் கையால் திருகிப் பாருங்கள், அது தானாகத் தளரும். கழற்றி எடை போட்டு, மேலே பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள். வருடம் ஒரு முறை வாயால் ஊதி ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் அது வேண்டாம்.

உயிர்காப்புத் தெப்பத்தில் எப்போது இறங்குவது?

படகு மூழ்கும்போது, அல்லது அணைக்க முடியாத தீ பிடிக்கும்போது. 1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். 24 படகுகளைக் கைவிட்டார்கள். அவற்றில் 19 பின்னால் மீட்கப்பட்டன. மிதக்கிற படகு உங்கள் தெப்பத்தைவிடப் பெரியது, பலமானது.

என் கணவர் தனியாகப் போகிறார். கரையில் நான் என்ன செய்ய வேண்டும், சார்?

அவருடைய பயணத் திட்டத் தாளில் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். படகின் பெயர், நிறம், நீளம், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, எந்த வழி என்று அதில் எழுதி வாங்குங்கள். அப்புறம் இரண்டு நேரம்: போய்ச்சேரும் நேரம், நீங்கள் கடலோரக் காவல் படையைக் கூப்பிட வேண்டிய நேரம். இரண்டாவதை அவரே எழுதட்டும். அந்த நேரம் வந்து, அவரிடம் பேச முடியவில்லை என்றால் கூப்பிடுங்கள். "வீணாகத் தொந்தரவு செய்கிறோமோ" என்று தயங்க வேண்டாம்.

படகில் விஎச்எஃப் என்னும் கடல் ரேடியோவும், செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியும் இருக்கிறதா என்று கேளுங்கள். ரேடியோவில் 16ஆம் சேனலில் எப்படி மூன்று முறை 'மேடே' (உயிராபத்து அழைப்பு) சொல்லி, இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்வது என்று நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த முறை நீங்களும் படகில் இருக்கலாம். அவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: படகைக் கட்டியதும், பாயை மடிப்பதற்கு முன்னால், உங்களுக்குப் போன் வர வேண்டும்.