பாலிப் எடுத்தாச்சு, இனி பயப்படணுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மலத்தில் ரத்தம் பட்டதால் போன வாரம் கொலனோஸ்கோப்பி (கேமரா டியூபை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். 8 மி.மீ. அளவில் ஒரு பாலிப் இருந்ததாம், அப்போதே எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் 'டியூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா' என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா? ஆபரேஷன் வேண்டுமா? பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: புற்றுநோய் இல்லை அம்மா. ஆபரேஷனும் வேண்டாம்.

பாலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி. அதில் 'ஹைப்பர்பிளாஸ்டிக்' வகை பெரும்பாலும் சாது. 'அடினோமா' அப்படி இல்லை; 'டியூபுலர்' அதில் சாதாரணமாகக் காணப்படும் வகை. விட்டுவைத்தால் சில மட்டும், அதுவும் பத்து வருடம்போல ஆன பிறகு, புற்றாக மாறலாம். 'டிஸ்பிளேசியா' என்றால் செல்கள் ஒழுங்கு தவறத் தொடங்கியிருக்கின்றன என்று அர்த்தம். 'லோ கிரேடு' அதன் ஆரம்பக் கட்டம். மெல்லிய கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கி பாலிப்பை எடுத்தாகிவிட்டது என்றால், அதற்கான வைத்தியமும் முடிந்தது.

ஒரு விஷயம். 8 மி.மீ. பாலிப் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் கசிவது அபூர்வம். ரத்தம் மூலத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைத் தனியாகக் காட்டுங்கள்.

இப்போது கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'சீக்கம்' வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை, டியூப் போனதா? குடல் சுத்தமாக இருந்ததா? பாலிப் முழுசாக வந்ததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், அடுத்த பரிசோதனை 7 முதல் 10 வருடத்தில் போதும். வருடா வருடம் செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்றிருந்தால் சீக்கிரமே மறுபடி பார்க்கத்தான் வேண்டும். பேதி மருந்தைப் பாதி குடித்துவிட்டு வந்து படுப்பவர்கள் நிறையப் பேர்! 1 செ.மீ. அல்லது அதற்கு மேல், 'வில்லஸ்' (விரல்போல நீண்டு வளரும், ஆபத்து கூடிய வகை), 'ஹை கிரேடு' (செல்கள் ரொம்பவே ஒழுங்கு தவறிய கட்டம்), அல்லது எண்ணிக்கை ஐந்தோ அதற்கு மேலோ என்றால் கணக்கு வேறு: 3 வருடம், சில சமயம் அதற்கும் முன்பே.

பிள்ளைகளுக்கு இந்த ஒரு சின்னப் பாலிப்புக்காக இப்போது எதுவும் வேண்டாம். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ குடல் புற்றுநோய் வந்திருந்தால்தான் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்கச் சொல்வோம்.

சிகரெட், மது இருந்தால் உங்கள் கணவர் நிறுத்தட்டும். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ, தலைசுற்றினாலோ, கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை அங்கே முதலில் சொல்லிவிடுங்கள்.