அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மேன்முறையீடு: நீதிமன்ற விதி மாறுகிறதா?

நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவின் உதவித்தொகையை சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (உதவித்தொகை வழங்கும் அமெரிக்க அரச நிறுவனம்) மேன்முறையீட்டுச் சபையும் மறுத்துவிட்டது, நீதிமன்ற விதிகளையும் மாற்றப் போகிறார்களாம், யாழ்ப்பாணத்தில் இருந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, அந்த விதி மாற்றம் இப்போது முன்மொழிவு இல்லை. 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு வழக்குப் போட்டவரே அரசுத் தரப்பினர் ஒவ்வொருவருக்கும் அழைப்பாணை சேர்ப்பிக்க வேண்டும். சட்டத்தரணி இல்லாதவர்கள் அதிலேயே களைத்துப் போவார்கள். இப்போது சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான முறைப்பாடு ஒன்றைத் தாக்கல் செய்தால் போதும், நீதிமன்றமே அரசுத் தரப்புக்கு இலத்திரனியல் முறையில் அறிவித்துவிடும். அறிவித்து 60 நாளில் அரசு பதில் தர வேண்டும். பெரும்பாலும் அக்காவின் கோப்பின் சான்றுப் பிரதிதான் பதிலாக வரும். அப்புறம் அக்காவின் எழுத்து வாதத்துக்கு 30 நாள், அரசுக்கு 30, மறுமொழிக்கு 14. நோயோடு இருப்பவருக்கு அந்த 14 நாள் போதாது என்பதே என் எண்ணம்.

ஆனால் முதல் கெடுவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மேன்முறையீட்டுச் சபையின் மறுப்புக் கடிதம் கிடைத்து 60 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். கடிதத் திகதியில் இருந்து ஐந்தாம் நாள் கிடைத்ததாகவே கணக்கு. கொக்குவிலில் பக்கத்து வீட்டு அன்ரியின் மகளுக்கும் இதே நிலைதான். வாட்ஸ்அப்பில் வந்த கடிதப் படத்தைப் பெரிதாக்கித் திகதியைப் பார்த்து, சுவர்க் கலண்டரில் கடைசி நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டோம். இன்றைக்கே அக்காவிடம் கடித உறையையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.